அவளுக்கு ஒரு பக்கம்

எங்கள் வாடகை நூலகம் நான்காவது மாடியில் இருக்கிறது. கட்டடத்துக்கு லிஃப்ட் உண்டு. ஆனால் அது நினைத்தால் ஓடும், இல்லாவிட்டால் இரண்டு மாடிகளுக்கு நடுவே நின்று தியானம் செய்யும். அதனால் லிஃப்ட் மெக்கானிக் எங்களுக்கெல்லாம் வீட்டு மனிதர் மாதிரி ஆகிவிட்டார். அவருக்குப் பெயர் இல்லாமலா இருக்கும்? ஆனாலும் வாசல் காவலாளி முதல் மேல்மாடி ஆடிட்டர் வரை எல்லோருக்கும் அவர் லிஃப்ட்டண்ணன்தான். "பேரைச் சொல்லிக் கூப்பிட்டா, யாரையோ கூப்பிடறாங்கன்னு திரும்பிப் பார்க்கறேன்" என்பார்.

ஒல்லியாக, நெடுநெடுவென்று இருப்பார். பேச்சு குறைவு. ஒருமுறை மொட்டைமாடி மெஷின் ரூமில் பிரேக்கைக் கழற்றிப் போட்டுவிட்டு, புதுப் பாகம் வரும்வரை எங்கே போவது என்று தெரியாமல் என் ஸ்டூலில் வந்து உட்கார்ந்தார். சும்மா இருக்க முடியாமல் மேஜைமேல் கிடந்த ஒரு துப்பறியும் நாவலை எடுத்தார். பாகம் வந்தது. பழுதும் சரியானது. மாலையில் கையைச் சோப்புப் போட்டுக் கழுவிக்கொண்டு, உள்ளங்கை புறங்கை இரண்டையும் என்னிடம் காட்டிவிட்டு, "இதை வீட்டுக்கு எடுத்துட்டுப் போலாமா?" என்று கேட்டார்.

"வீட்ல யாரும் தேட மாட்டாங்களா, இவ்வளவு நேரம் இங்க இருக்கீங்களே?" என்றேன் பேச்சுக்கு.

"தேட ஆள் இல்லம்மா. அவ போயிட்டா. சாமான் எல்லாம் அவ வச்ச இடத்துலயே இருக்கு. அதைப் பார்த்துக்கிட்டு உட்கார்ந்திருக்கறதுக்கு இது தேவல."

அப்படித்தான் அவர் வாசகரானார். கொலைக்கதைகள் மட்டும் படிப்பார். அதிலும் கடைசிப் பக்கத்தை முதலில் படித்துவிடுவார். "கொன்னவன் யாருன்னு தெரிஞ்சுட்டா அப்புறம் நிம்மதியாப் படிக்கலாம்" என்பது அவர் கட்சி.

என்னைப் பற்றியும் கொஞ்சம் சொல்ல வேண்டும். நானும் ஒருத்தியும் பல வருடங்களாக ஒரே வீட்டில் வாழ்கிறோம். அவள் பிள்ளைகளுக்கு நீச்சல் கற்றுக்கொடுப்பவள். தெருவில் எல்லோருக்கும் அவள் கோச். நாங்கள் ஒருவருக்கொருவர் யார் என்று யாரும் கேட்டதில்லை, நாங்களும் சொன்னதில்லை. எங்களைப் போன்றவர்களைப் பற்றிய புத்தகங்கள் ஒவ்வொன்றாக வரத் தொடங்கியபோது, ஜன்னலோரத்து அலமாரியைக் காலி செய்து அங்கே அடுக்கினேன். பெயர்ப்பலகை எதுவும் வைக்கவில்லை. தேடுகிறவர்களுக்குத் தெரியும். முதல் புத்தகத்தைப் படித்து முடித்துவிட்டு நான் அதைக் கட்டிக்கொண்டு அழுதேன். அதையே கோச்சும் படித்தாள். "எல்லாம் சரி. ஏன் கடைசியில ரெண்டு பேரும் ஆத்துல குதிக்கறாங்க? ஒருத்திக்காவது நீச்சல் தெரியக் கூடாதா?" என்றாள். பிறகு ஆற்றில் குதிக்காத புத்தகங்களும் வந்தன.

லிஃப்ட்டண்ணன் அந்த அலமாரிக்குப் போனது தெரியாமல் நடந்தது. ஒரு புத்தகத்தின் அட்டையில் இருட்டுப் படிக்கட்டும் ஒரு கைவிளக்கும் இருந்தன. கொலைக்கதை என்று எடுத்துக்கொண்டார். அது கொலைக்கதைதான். ஆனால் துப்புத்துலக்கும் சுங்க அதிகாரி ஒரு பெண். அவளுக்கு யார்மேலும், ஆணோ பெண்ணோ, உடல் ஆசை வந்ததே இல்லை. ஓர் அத்தியாயத்தில் அவள் தங்கை, "உனக்கு உடம்புக்கு ஏதாவது கோளாறா? இல்ல சாமியாரிணி ஆகப்போறியா?" என்று கேட்பாள். அதற்கு அவள், "பசிக்காதவளைப் பார்த்து விரதம் இருக்கிறாள் என்று சொல்லாதே" என்பாள். அவ்வளவுதான். அடுத்த பக்கத்தில் கதை மறுபடி கடத்தல் கும்பலின் பின்னால் ஓடிவிடும்.

அந்தப் புத்தகம் திரும்பி வரவில்லை. லிஃப்ட் நின்றபோது அவர் வந்தார், சரிசெய்தார், நான்காவது மாடிப் பக்கம் வராமலே போனார். கோபமோ என்று நினைத்தேன். பிறகு ஒரு காலையில், நான் கதவைத் திறப்பதற்கு முன்பே வெளியே நின்றுகொண்டிருந்தார். புத்தகம் கையில் இருந்தது.

"இந்த மாதிரி ஆளுங்க நெசமாவே இருக்காங்களா, இல்ல கதைக்காக எழுதினதா?"

"எந்த மாதிரி?"

புத்தகத்தை விரித்து, தங்கை கேட்கிற அந்தப் பக்கத்தில் விரலை வைத்தார். பக்கம் தானாகவே திறந்துகொண்டது. அவ்வளவு முறை திறந்திருக்கிறார்.

"இருக்காங்கண்ணே" என்றேன். "ஏசெக்சுவல்னு சொல்வாங்க. தமிழ்ல அல்பாலீர்ப்புன்னு எழுதறாங்க. அது நோய் இல்ல. சிலர் அப்படித்தான் இருப்பாங்க."

"அல்பா..." என்று ஆரம்பித்துவிட்டு நிறுத்தினார். "வாயில நுழையலியே" என்று சிரித்தார். சிரித்துக்கொண்டே இருந்தவர் ஸ்டூலில் உட்கார்ந்து முகத்தை இரண்டு கைகளாலும் மூடிக்கொண்டார். மின்விசிறியைப் போட்டேன்.

"பேரு இருந்திருக்கு" என்றார் கைகளுக்குள்ளிருந்து. "இதுக்கு ஒரு பேரு இருந்திருக்கு. அவ போனதுக்கு அப்புறம் வந்து சொல்றீங்க."

அதற்குப் பிறகு பல மாதங்களில், பழுதுக்கும் பழுதுக்கும் நடுவே, கொஞ்சம் கொஞ்சமாக அவர் சொன்னதுதான் இது.

அவர் மனைவி ஓர் ஆஸ்பத்திரியில் டெலிபோன் ஆபரேட்டராக இருந்தாள். பெரிய வாயாடி. நாள் முழுக்க ஊராரோடு பேசியது போதாதென்று வீட்டுக்கு வந்தும் வாய் மூடாது. யார் யார் கூப்பிட்டார்கள், யார் திட்டினார்கள், எந்த டாக்டர் யாரிடம் என்ன பொய் சொன்னார் என்று எல்லாரையும் குரலிலேயே நடித்துக் காட்டுவாள். இவர் காய் நறுக்கிக்கொண்டே கேட்பார். தூக்கத்தில்கூட "கொஞ்சம் லைன்ல இருங்க" என்பாளாம். அதைச் சொல்லும்போது மட்டும் அவர் முகம் வேறு மாதிரி ஆகும். அவள் கை முறிந்து கட்டுப் போட்டிருந்தபோது தினமும் இவர்தான் தலைவாரிப் பின்னிவிட்டார். அவள் வேலைக்குக் கிளம்பினால் தெருமுனை வரை போவார். பார்த்தவர்கள் எல்லாரும் பொருத்தமான ஜோடி என்றார்கள்.

கதவைச் சாத்திய பிறகு அவர்களுக்குள் ஒன்றும் இல்லை.

"அவமேல பிரியம் இல்லாம இல்ல" என்றார். "அவ இல்லாம ஒரு வாய் சோறு இறங்காது எனக்கு. ஆனா அது மட்டும் வரல. யார்கிட்டயும் வந்ததில்ல. சின்ன வயசுல கூட்டாளிங்க பேசும்போது நானும் சேர்ந்து சிரிப்பேன். எல்லாருமே சும்மாதான் சொல்றாங்கன்னு நெனச்சேன்."

டாக்டர்களிடம் போனார்கள். மாத்திரை கொடுத்தார்கள், டானிக் கொடுத்தார்கள். ஒரு டாக்டர் அவளைத் தனியாகக் கூப்பிட்டு, வீட்டில் கொஞ்சம் அலங்காரமாக இருக்கச் சொன்னாராம். அவள் அன்று பஸ்ஸில் ஒரு வார்த்தை பேசாமல் வந்தாள். மாத்திரை வேலை செய்த நாட்களும் உண்டு. "மெஷின் ஓடும்மா. ஆனா நான் அதுல இருக்க மாட்டேன். அது அவளுக்குத் தெரியும். ஒரு நாள் பாதியில கையை எடுத்துட்டு, 'வேணாம் விடு'ன்னுட்டா. அப்புறம் நாங்க முயற்சி பண்ணல."

அவள் கேட்டாள். என்னைப் பார்த்தால் அருவருப்பா என்று கேட்டாள். இல்லை என்றார். வேறு யாராவது இருக்கிறார்களா என்று கேட்டாள். சத்தியமாக இல்லை என்றார். அப்படியென்றால் ஏன் என்று கேட்டாள்.

"தெரியலன்னேன். அது உண்மைதானே? எனக்குத் தெரியலியே. ஆனா கேக்கறவளுக்கு அது மழுப்பற மாதிரி இருந்திருக்கும்ல?"

நாளாக ஆக அவள் கேட்பதை நிறுத்திவிட்டாள். நல்ல புடவைகளை அக்கம்பக்கத்துப் பெண்களுக்குக் கொடுத்தாள். கண்ணாடியைப் பார்க்காமலே பொட்டு வைத்துக்கொள்ளப் பழகினாள். பேச்சு மட்டும் குறையவில்லை. அதனால் எல்லாம் சரியாகிவிட்டது என்று இவர் நினைத்துக்கொண்டார். பிறகு ஒரு காய்ச்சல் வந்து நெஞ்சில் இறங்கியது. அவள் வேலை பார்த்த ஆஸ்பத்திரியிலேயே போய்விட்டாள்.

அந்தச் சுங்க அதிகாரிக்குப் பிறகு லிஃப்ட்டண்ணன் ஜன்னலோர அலமாரியை ஒரு கை பார்த்தார். அப்படி ஒரு வாசகரை நான் கண்டதில்லை. புத்தகத்தோடு சண்டை போடுவார். ஒரு நாவலில் ஆசையே இல்லாத ஒருவன் கடைசியில் நல்ல பெண் ஒருத்தியைப் பார்த்ததும் மாறிவிடுகிறான். அதை என் மேஜைமேல் தட்டி வைத்தார். "இவன் நம்மாளு இல்ல. எழுதினவரு கடைசி பத்துப் பக்கத்துல அவனுக்கு டானிக் கொடுத்துட்டாரு." இன்னொன்றில் அப்படிப்பட்டவன்தான் கொலைகாரன். "ஆசை இல்லாதவன்னா கத்தி எடுப்பானா? எனக்குத் தக்காளி நறுக்கினாலே சாறு மேல தெறிச்சா சங்கடமா இருக்கும்." நான் வாய்விட்டுச் சிரித்தேன். அவரும் சிரித்தார்.

நல்லதாக ஒன்று வந்தது. நடுத்தர வயது ஆள் ஒருவன் தான் யார் என்று புரிந்துகொள்கிறான். வெட்கப்படுவதை விடுகிறான். நண்பர்களோடு சேர்ந்து ஒரு வீடு எடுத்து, தோட்டம் போட்டு, நிம்மதியாக இருக்கிறான். இதை அவருக்கென்றே எடுத்து வைத்திருந்தேன். படித்துவிட்டு வந்து, சந்தோஷப்படுவார் என்று நான் காத்திருக்க, "அவ எங்க போனா?" என்றார்.

"யாரு?"

"இவன் பொண்டாட்டி. முப்பதாவது பக்கத்துல பெட்டியை எடுத்துக்கிட்டுக் கதவைச் சாத்திட்டுப் போறா. அப்புறம் ஆளையே காணோம். இவன் செடி வைக்கறான், பூனை வளர்க்கறான், எல்லாம் சரி. அவளுக்கு என்ன ஆச்சு?"

"கதை அவனோடதுதானேண்ணே."

"அதான் கேக்கறேன். இந்த அலமாரியில எல்லாத்துலயும் நான் இருக்கேன். அவளுக்கு ஒரு பக்கம் எங்க இருக்கு?"

எனக்குக் கொஞ்சம் கோபம்கூட வந்தது. இந்தப் புத்தகங்களுக்காக நாங்கள் காத்திருந்த காலம் எங்களுக்குத்தான் தெரியும். கையில் கிடைத்ததும் இப்படிக் குறை சொல்கிறாரே என்று வீட்டில் போய் கோச்சிடம் புலம்பினேன். அவள் தலையைத் துவட்டிக்கொண்டே முழுவதையும் கேட்டாள். பிறகு, "அந்த உப்பளத்துக் கதையைக் கொடு அவருக்கு" என்றாள்.

"அதுல ரெண்டு ஆம்பளைங்க. அதுலயும் ஒருத்தன் உருகி உருகிச் சாகறான். அவருக்கும் அதுக்கும் என்ன சம்பந்தம்?"

"அவரு அதுல அவரையா தேடறாரு?" என்றாள்.

உப்பளத்தில் வேலை செய்யும் இரண்டு நண்பர்களின் கதை அது. இருவருக்கும் ஒரே அறை. ஒருவன் மற்றவனைக் காதலிக்கிறான். மற்றவனுக்கு அது தெரியாது, அல்லது தெரியாத மாதிரி இருக்கிறான். புழுக்கம் தாங்காமல் இருவரும் ஒரே பாயில் ஆளுக்கொரு ஓரமாகப் படுத்திருக்கும் இடம் ஒன்று வரும். ஒருவன் அயர்ந்து தூங்குவான். விழித்திருப்பவன் கையை மெல்ல நகர்த்துவான். ஒரு சாண் தூரத்தில் நிறுத்துவான். மறுபடி இழுத்துக்கொள்வான். இப்படியே விடியும்.

அவர் அதை எடுத்துப் போனார். திரும்பி வந்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை. நூலகத்துக்கு விடுமுறை. நான் கிழிந்த அட்டைகளை ஒட்டிக்கொண்டிருந்தேன். கோச் பக்கத்தில் உட்கார்ந்து பசை தடவிக்கொண்டிருந்தாள். அவர் உட்காரவில்லை.

"எனக்கு இந்தப் பசங்க ஆசையும் புரியல, மத்தவங்க ஆசையும் புரியல. எனக்கு ரெண்டும் தெரியாத பாஷைதான்" என்றார். "ஆனா அந்தப் பாய் இருக்கே. அதுல தூங்கறவன் நான். முழிச்சிக்கிட்டு இருக்கறவன் அவ."

கோச் பசைத் தூரிகையைக் கீழே வைத்தாள்.

"இதே மாதிரி கை வரும். என் தோள்கிட்ட வந்து நிக்கும். நான் தூங்கற மாதிரி மூச்சை இழுத்து விடுவேன். நான் தூங்கலன்னு அவளுக்குத் தெரியும். அவளுக்குத் தெரியும்னு எனக்கும் தெரியும். அப்புறம் கை போயிடும். இத்தனை வருஷமா நான் என்ன நெனச்சேன்னா, கஷ்டம் எனக்குத்தான், அவளுக்கு வெறும் ஏமாத்தம்னு. இவ்வளவு வலிக்குமா அது? இப்படியா படுத்துக் கிடந்தா பக்கத்துல?"

கோச் எழுந்துபோய் அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். அவள் யாரையும் அப்படித் தொடுகிறவள் இல்லை. அவர் அழுது முடிக்கும்வரை விடவில்லை.

அடுத்த வாரம், "அவ அக்கா ஒருத்தங்க இருக்காங்க. அவங்ககிட்டயாவது சொல்லணும். எனக்கு அந்தப் பேரு சொல்ல வராது, கூட வர்றீங்களா?" என்று கேட்டார். நான் போனேன்.

அக்கா வீட்டிலேயே துணி இஸ்திரி போடுகிறவர். மேஜையில் அடுத்தவர் சட்டைகள் குவியலாக இருந்தன. எங்களை உட்காரச் சொல்லிவிட்டு வேலையை நிறுத்தாமல் கேட்டார். லிஃப்ட்டண்ணன் திக்கித் திணறிச் சொன்னார். பெயர் வரும் இடத்தில் என்னைப் பார்த்தார், நான் சொன்னேன். இஸ்திரிப் பெட்டி ஒரு காலரின் மேல் ஒரு கணம் நின்றது. பிறகு அதை நிமிர்த்தி வைத்தார்.

"இதை இப்ப எதுக்கு மாப்பிள்ளை வந்து சொல்றீங்க?"

"அவகிட்ட குறை ஒண்ணும் இல்ல அண்ணி. அதை யார்கிட்டயாவது..."

"குறை இல்லன்னு எனக்குத் தெரியாதா? நான் தூக்கி வளர்த்தவ." அவர் குரல் உயரவில்லை. "ஆஸ்பத்திரியில படுத்திருக்கும்போது கேட்டா. 'அக்கா, எங்கிட்ட என்ன குறைக்கா?'ன்னு. நான் என்ன சொன்னேன் தெரியுமா? 'உன்கிட்ட என்னடி குறை, அந்த ஆளு வேற எங்கயோ வச்சிருப்பான், ஆம்பளைங்க புத்தி'ன்னேன். அவளுக்கு ஆறுதலா இருக்கட்டும்னு சொன்னேன். அப்படியான்னு கேட்டுக்கிட்டா. செவுத்துப் பக்கம் திரும்பிப் படுத்துக்கிட்டா. அதோட சரி."

லிஃப்ட்டண்ணன் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அப்ப நான் சொன்னது பொய்யி" என்றார் அக்கா. "அவளை அனுப்பி வச்சது பொய் சொல்லி."

"உங்களுக்குத் தெரியாதே அண்ணி."

"உங்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது, அவளுக்கும் தெரியாது. ரொம்ப நல்லாருக்கு."

உள்ளே போனார். பிறகு மூன்று டம்ளரில் டீ கொண்டுவந்தார். அவருக்கு எவ்வளவு சர்க்கரை என்று கேட்காமலே போட்டிருந்தார். குடித்து முடித்து எழுந்தபோது வாசல் வரை வந்தார். "இனிமே வராதீங்க மாப்பிள்ளை. கோவம்னு நெனைக்காதீங்க. உங்களைப் பார்த்தா அவ கேட்டதுதான் காதுல விழும்."

பஸ்ஸில் அவர் ஜன்னலோரம் உட்கார்ந்தார். "வந்திருக்கக் கூடாதோ?" என்றார். "அவங்க நிம்மதியா இருந்தாங்க. நான் போய்க் கெடுத்துட்டேன்."

அதன்பின் நெடுநாள் அவர் புத்தகம் எடுக்கவில்லை. வேலைக்கு வருவார், தலையாட்டுவார், போவார். புத்தகம் கொடுக்காத ஞாயிறுகளில் எங்கள் நூலகத்தில் சிலர் கூடிப் படித்ததைப் பேசுவது வழக்கம். ஒரு ஞாயிறு மாலை யாரும் கூப்பிடாமல் அவர் வந்து பின்வரிசையில் உட்கார்ந்தார். பூனையும் தோட்டமும் வருகிற அந்த நாவலைப் பற்றித்தான் அன்று பேச்சு. எல்லோரும் பாராட்டினார்கள். அவர் எழுந்தார். "நானும் இந்தக் கதைல வர்ற ஆளு மாதிரிதான்" என்றார். பெயரையும் திக்காமல் சொன்னார். எங்கேயோ சொல்லிப் பழகியிருக்க வேண்டும். பிறகு தன் மனைவியைப் பற்றிச் சொன்னார். அவள் கேட்ட கேள்விகளைச் சொன்னார். தான் சொன்ன பதிலையும் சொன்னார். "இதுல அவ கதவைச் சாத்திட்டுப் போறதோட விட்டுட்டாங்க. என் பொண்டாட்டி போகல. கூடவே இருந்தா. அதை யாராவது எழுதணும்" என்று சொல்லி உட்கார்ந்தார்.

மேல்மாடி ஆடிட்டர் ஆபீசில் கணக்கு எழுதும் பெண் ஒருத்தி அன்று வந்திருந்தாள். நாற்பது வயதிருக்கும். எப்போதும் சமையல் புத்தகமும் பயணக் கட்டுரையும் எடுப்பவள். கூட்டம் கலைந்த பிறகு நாற்காலிகளை மடிக்க எனக்கு உதவுகிற சாக்கில் நின்றாள். அவர் கிளம்பியதும் மாடிப்படியில் அவர் பின்னாலேயே போனாள். நான் கதவைப் பூட்ட வந்தபோது இருவரும் படியில் உட்கார்ந்திருந்தார்கள்.

"எங்க வீட்ல அவரும் தெரியலன்னுதான் சொல்றாரு" என்று அவள் சொன்னது காதில் விழுந்தது. "நான் நம்பினதே இல்ல."

"நம்பு தாயி" என்றார் அவர். "நெசமாவே தெரியாம இருக்கலாம். என்னை மாதிரியே அவரும் இருக்காருன்னு நான் எப்படிச் சொல்றது? ஆனா குறை உன்கிட்ட இல்ல. அவர்கிட்டயும் இல்லாம இருக்கலாம். இருக்கறதா போறதாங்கறது உன் முடிவு. ஆனா குறைன்னு நெனச்சுக்கிட்டு இருக்காதே. குறைன்னு நெனச்சுக்கிட்டுப் போகவும் போகாதே."

அவள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். பிறகு எழுந்து இறங்கிப் போனாள். ஆடிட்டர் ஆபீஸ் வேலையைச் சில மாதங்களில் விட்டுவிட்டாள். வீட்டில் என்ன ஆனது என்று எங்களுக்குத் தெரியாது.

நான் அவர் பக்கத்தில் படியில் உட்கார்ந்தேன். "நல்லா சொன்னீங்கண்ணே" என்றேன்.

"அவகிட்ட சொல்ல வேண்டியதை ஒரு வழியா வாயைத் திறந்து சொல்லிட்டேன்" என்றார். "ஆனா கேட்டது அவ இல்லியே."

கீழே யாரோ கதவை இழுத்துச் சாத்தினார்கள். அவர் கைப்பிடியைப் பிடித்து மெல்ல எழுந்தார். முழங்காலைத் தேய்த்துவிட்டுக்கொண்டார். என்னிடம் தலையாட்டிவிட்டு, ஒவ்வொரு படியாக இறங்கத் தொடங்கினார்.